வாசற்படித் தவில்

நுழையும்முன்

ஒலிவாங்கி வருவதற்கு முன்பே இசைத்தட்டு வந்துவிட்டது. தகரக் கூம்பின் முன்னால் நின்று பாடியும் வாசித்தும் பதிந்த அக்காலத் தட்டுகளில் எது பதிந்தது? எது பதியாமல் போயிற்று? கரிசல் மண்ணில் பிறந்து வளர்ந்த ஓர் ஆசிரியர், தம் வீட்டில் இருந்த தட்டு ஒன்றைப் பற்றிச் சொல்வதைக் கேட்போம்.

எங்கள் வீட்டில் தாத்தாக்கள் இருவர். பெரிய தாத்தா தவில் வாசித்தார். அவருடைய தம்பியான என் தாத்தா, கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம் செல்லும் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில் 'ரேடியோ செட்' வைத்திருந்தார். ரேடியோ செட் என்றால் வானொலிப் பெட்டி அன்று. திருமணம், காதுகுத்து, கோயில் கொடை என்று வாடகைக்குப் போகும் இசைத்தட்டுப் பெட்டி, ஒலிபெருக்கி, வேப்பமர உச்சியில் கட்டும் இரண்டு குழாய்கள் ஆகிய அனைத்திற்கும் சேர்த்து எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

ஒரு வீட்டுத் திருமணத்திற்கு ரேடியோ செட் வந்துவிட்டால், மேளக்காரர் ஆறு பேருக்குப் பதிலாக மூன்று பேர் போதும் என்றாகிவிடும். தாலி கட்டும் நேரத்திற்கு மட்டும் வந்தால் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. "என் வயித்துல அடிச்சது வெளியாள் இல்லய்யா, எங்கூடப் பிறந்தவன்தான்" என்று பெரிய தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார். அது முழுவதும் சிரிப்புத்தானா என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

தாத்தாவின் தகரப் பெட்டியில் திரைப்படப் பாடல் தட்டுகளுக்கு அடியில், கிழிந்த வேட்டித் துணியில் சுற்றிய தட்டு ஒன்று இருந்தது. அது வாடகைக்குப் போவதில்லை. நடுவில் ஒட்டியிருந்த வட்டத்தாள் பாதி உரிந்துவிட்டது. எஞ்சிய பாதியில் நாகசுவரக் கலைஞர் ஒருவரின் பெயரும் 'கீர்த்தனை' என்ற சொல்லும் தெரியும். வேறு பெயர் எதுவும் அதில் இல்லை. அந்தத் தட்டில் தாமும் வாசித்திருப்பதாகப் பெரிய தாத்தா வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. தட்டைச் சுழலவிட்டால் மழை பெய்வது போன்ற இரைச்சல் வரும். இரைச்சலுக்குள்ளிருந்து நாயனம் வரும். தவில் மட்டும் வராது. "தவிலு ரயிலைத் தவற விட்டிருச்சு போல" என்று தேநீர்க் கடையில் யாரோ சொன்ன கேலி, அவர் போகும் இடமெல்லாம் முன்னதாகப் போய் நின்றது.

தகரக் கூம்பு

1968ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. கோடை விடுமுறையில் ஒரு நாள், தாத்தா செட்டைக் கட்டிக்கொண்டு வெளியூர் போகாமல் வீட்டில் இருந்த நாளாகப் பார்த்து, அந்தத் தட்டைப் போடும்படி நச்சரித்தேன். தட்டு ஓடி முடிந்ததும் பெரிய தாத்தா என்னைத் திண்ணைக்கு அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னார். அப்போது அவருக்கு இருபது வயது இருக்குமாம். கணக்கிட்டுப் பார்த்தால் 1920களின் தொடக்கமாக இருக்க வேண்டும்.

"மதராசுல ஒரு மாடி வீடு. சன்னல் பூராவும் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தான். உள்ள ஒரே வேக்காடு. நடுவுல ஒரு மறைப்பு. அதுல பொந்து போட்டு, இந்தா பெருசா ஒரு தகரக் கூம்பு நீட்டிக்கிட்டு இருக்கு. நாயனக்காரர் ஊத ஆரம்பிச்சார். அந்தப் பக்கமிருந்து துரை ஓடியாந்து கையை ஆட்டுறான். சத்தம் தாங்காம ஊசி துள்ளிருச்சாம். அவரைப் பத்தடி பின்னால நகத்தினான். என்னைத் தாழ்வாரத்துக்கே தள்ளிட்டான். மறுபடி ஊதினா, மறுபடி ஊசி துள்ளுது. என்னை வாசற்படியில உக்கார வச்சு, தவில் மேல துண்டைப் போடச் சொன்னான். கம்பு கூடாது, வெறும் விரலாலதான் தடவணும்னுட்டான். ராத்திரி முழுக்கக் கொட்டுற கையி, துண்டு மேல தடவிக்கிட்டு இருக்கு."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மூணு நிமிசத்துக்குள்ள முடிச்சிரணும்னு உத்தரவு. கடைசியில நாயனக்காரர் மூச்சு விட்டார். அந்த இடுக்குல துண்டை ஒதுக்கிட்டு, வலந்தலையில ஒரே ஒரு அடி அடிச்சேன். துரை கையை ஓங்குறதுக்குள்ள தட்டு முடிஞ்சுபோச்சு. மெழுகு வீணாகும்னு அதையே வச்சுக்கிட்டான். போய்க் கேளு. கடைசியில இருக்கேன்."

போய்க் கேட்டேன். நாயனம் ஓய்ந்தவுடன், ஊசி உள்வட்டத்தை எட்டுவதற்கு முன் 'டக்' என்று ஓர் ஒலி. அந்தத் தட்டில் அப்படிப்பட்ட 'டக்'குகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இரும்பு ஊசி உழுது போட்ட கீறல்கள் அவை. அவற்றுள் எது தாத்தா, எது கீறல் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் திண்ணைக்குத் திரும்பிவந்து, "கேட்டுச்சு தாத்தா" என்றேன். அது பொய்யா மெய்யா என்று இன்றுவரை என்னால் சொல்ல இயலவில்லை. அவர் என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார்.

எது பதியும்?

பின்னாளில் நான் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கத் தொடங்கினேன். அந்தக் கூம்பின் இயல்பு அப்போதுதான் தெளிவாயிற்று. அக்காலப் பதிவில் மின்சாரத்திற்கு வேலையே இல்லை. கூம்பின் அகன்ற வாயில் புகும் ஒலி, அதன் குறுகிய முனையில் உள்ள மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அந்த அதிர்வை வரிப்பள்ளமாகக் கீறும். ஊசியை அசைப்பதற்கு வேண்டிய வலிமை முழுவதும் பாடுபவரின் மூச்சிலிருந்தே வர வேண்டும். எனவே மெல்லிய ஒலி பதியாது. மிக வலிய ஒலி வந்தாலோ, ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளிவிடும். ஏறத்தாழ 250 முதல் 2500 வரையான அதிர்வெண்களே அந்தக் கூம்பிற்குள் ஒழுங்காக நுழைந்தன. தவிலின் தொப்பிப் பக்கத்தில் கம்பு பட்டதும் எழுந்து நம் நெஞ்சுக்கூட்டைத் தட்டும் கனத்த முழக்கத்திற்கு அங்கே இடமில்லை. வயலின்கூடக் கூம்பிற்கு எட்டாமல் போனதால், மரப்பெட்டிக்குப் பதிலாகத் தகரக் குழல் பொருத்திய வயலின் ஒன்றை ஸ்ட்ரோ என்பவர் உருவாக்கினார். கருவிகள் கூம்பிற்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் நிலத்தை அறிந்தவர்களுக்கு இதில் உள்ள கொடுமை விளங்கும். கரிசல் காட்டில் ஒலியை மறிப்பதற்கு ஒன்றுமில்லை. குன்று இல்லை, அடர்ந்த தோப்பும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை பருத்தியும் கம்பும் உளுந்தும்தான். பங்குனி இரவில் ஒரு கோயில் கொடையில் மேளம் முழங்கினால், மூன்று கல் தொலைவில் மிளகாய்க்குக் காவல் கிடப்பவர் படுத்தபடியே, 'இது இன்ன ஊர்க் கொடை. வாசிப்பது இன்னார்' என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட வெளிக்கென்று பிறந்த கருவியைக் கம்பளி தொங்கும் அறையின் வாசற்படியில் துண்டு போர்த்தி உட்கார வைத்தார்கள்.

கூம்பு இந்தியாவிற்கு வந்தது 1902ஆம் ஆண்டில். இலண்டனிலிருந்து கிராமபோன் நிறுவனத்தின் சார்பில் வந்த பிரெட் கெய்ஸ்பர்க், அந்த ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாட வைத்துப் பதிந்தார். பாடி முடித்ததும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வதை இன்றும் கேட்கலாம். மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய் அச்சாகித் திரும்பின. அங்கிருந்த தொழிலாளர்கள் பாடியவரை அடையாளம் காண்பதற்கே இந்த அறிவிப்பு. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்கூடம் தொடங்கப்பட்ட பிறகே தட்டுகள் இங்கேயே அச்சாயின. அத்தட்டுகளின் மூலப்பொருளான அரக்கோ தொடக்கம் முதலே நம் நாட்டுச் சரக்கு. எங்கள் பொட்டலில் முள்ளோடு நிற்கும் இலந்தை மரம் இருக்கிறதே, வடநாட்டில் அதன் கிளைகளிலும் அரக்குப் பூச்சியை வளர்க்கிறார்கள் என்று படித்தபோது, அந்த மரத்தின்மேல் எனக்குப் புதிய மரியாதை வந்தது.

தமிழகக் குரல்களும் விரைவில் தட்டேறின. கோயம்புத்தூர் தாயியின் தட்டுகள் கடல் கடந்து போயின. அவற்றில் மனத்தைப் பறிகொடுத்தவர், 1912ஆம் ஆண்டை ஒட்டி இந்தியாவிற்கு வந்த மொரீஸ் டெலாழ் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர். தாயியின் பாட்டைத் தழுவி, குரலுக்கும் பியானோவுக்குமாக 'ராகமாலிகா' என்று ஓர் இசைப்பாடலை அமைத்தார். அதில் பியானோவின் ஒரு கம்பிக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகி, அதன் நாதத்தை மழுக்கி வாசிக்கும்படி குறித்திருக்கிறார். மழுங்கிய அந்த ஒலியைக் கேட்கும்போதெல்லாம், தட்டில் எங்கோ தொலைவில் மங்கலாகக் கேட்கும் தாளக் கருவியின் நினைவே எனக்கு வருகிறது.

இதே காலத்தில், எங்கள் ஊரிலிருந்து நடந்து போகும் தொலைவிலுள்ள எட்டயபுரத்தில் இசையை வேறொரு வழியில் பிடித்துவைக்க ஒருவர் முயன்றுகொண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், 1904ஆம் ஆண்டில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலை அங்கிருந்தே வெளியிட்டார். ஒவ்வொரு சுரமும் எப்படி அசைய வேண்டும் என்பதற்குக்கூட அதில் குறியீடு உண்டு. கூம்பு குரலைப் பிடித்தது; நூல் பாட்டின் எலும்பையும் நரம்பையும் பிடித்தது. தவில்காரரின் கை இரண்டிலும் அகப்படவில்லை.

இன்னொரு பருத்திக் காடு

ஜாஸ் இசையைப் பற்றி எனக்கு நெடுங்காலம் ஒன்றும் தெரியாது. பணி ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், பழைய தட்டுகளைச் சேர்க்கும் சென்னை நண்பர் ஒருவர் வீட்டில் தங்க நேர்ந்தது. 1923இல் பதிவான பாடல் ஒன்றை அவர் ஒலிக்கவிட்டார். அதே மழை இரைச்சல். அதற்குள்ளிருந்து பல ஊதுகருவிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. அவற்றுக்கு அடியில் 'டக், டக்' என்று மரக்கட்டையைத் தட்டும் ஒலி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "முரசு எங்கே?" என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். "முரசை உள்ளே விடவில்லை. தாளக்காரர் மரக்கட்டையில்தான் வாசித்தார்" என்றார்.

அமெரிக்காவின் தென்பகுதியும் பருத்தி விளையும் நாடுதான். அந்தப் பருத்திக் காடுகளில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள், மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்த நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்த்தெடுத்த இசையே ஜாஸ். திருவிழாவிற்கும் இசைக்குழு வேண்டும், சாவிற்கும் வேண்டும். இடுகாட்டிற்குப் போகும்போது மெதுவாக அழுதுகொண்டு போகும் இசை, திரும்பி வரும்போது துள்ளிக்கொண்டு வரும். மேளம் இல்லாமல் பிறப்பும் இறப்பும் இல்லாத எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் ஜாஸ் தட்டு 1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்தாரால் பதியப்பட்டது. வாசித்தவர்கள் 'ஒரிஜினல் டிக்ஸிலேண்டு ஜாஸ் பேண்டு' என்ற குழுவினர். ஐவரும் வெள்ளையர். அதன் ஒரு பக்கத்தில் கிளாரினெட் சேவலாகக் கூவும், கார்னெட் குதிரையாகக் கனைக்கும், டிராம்போன் மாடாகக் கத்தும். கேட்டால் சிரிப்பு வரும். ஆயினும் அந்த இசையை உண்டாக்கியவர்களின் வாசிப்பு ஓரளவு நிறைவாகத் தட்டேறுவதற்கு மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. அதுதான் நண்பர் வீட்டில் நான் கேட்ட தட்டு.

1923 ஏப்ரலில் கிங் ஆலிவர் தம் குழுவோடு இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகருக்குச் சென்று, ஜென்னட் நிறுவனத்திற்காக வாசித்தார். பதிவுக்கூடம் இருப்புப்பாதையை ஒட்டியிருந்தது. தொடர்வண்டி வந்தால் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். குழுவில் இரண்டாம் கார்னெட் வாசித்தவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங். அப்போது அவருக்கு 21 வயது. அவருடைய ஊதல் அனைவரையும் அமுக்கியதால், கூம்பைவிட்டு விலக்கி அறையின் மூலையில் நிறுத்தினார்கள். அங்கே அவர் முகம் வாடி நின்றதைப் பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தாளக்காரர் பேபி டாட்ஸ், பெருமுரசை ஒதுக்கிவிட்டு மரக்கட்டைகளைத் தட்டினார். முரசொலி ஊசியைத் துள்ளச் செய்துவிடும் என்ற அச்சமே காரணம். இன்று உலகம் முழுவதும் ஜாஸ் பயில்வோர் அந்தத் தட்டுகளைப் பாடநூலாகக் கொள்கிறார்கள். அவற்றைக் கேட்டுவிட்டு, அக்காலத் தாளக்காரர்கள் கட்டைதான் தட்டினார்கள் என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.

மதராசின் மாடி வீட்டில் பெரிய தாத்தா துண்டின்மேல் விரலைத் தடவிக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். இதை அவரிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் மறைந்து அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

கூம்பின் முன் நிற்காமலே போனவர்களும் இருக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸில் பட்டி போல்டன் என்று ஒரு கார்னெட் கலைஞர் இருந்தார். அவர் ஊதினால் பல கல் தொலைவிற்குக் கேட்கும் என்பார்கள். 1907இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், 1931இல் அங்கேயே மறைந்தார். அவருடைய வாசிப்பு பதிந்த தட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு விளாத்திகுளம் சுவாமிகள்தாம் நினைவிற்கு வந்தார். ஓர் இராகத்தைப் பாடத் தொடங்கினால் மணிக்கணக்கில் பாடுவார் என்று எங்கள் பெரியவர்கள் வியந்து சொல்வார்கள். இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் இசைக்காக அவரை நாடிச் சென்றவர். நானும் தேடாத இடமில்லை. சுவாமிகளின் குரல் இருக்கும் தட்டு என் கைக்கு எட்டவில்லை. மூன்று நிமிடத் தட்டில் அவர் என்ன பாடியிருப்பார் என்று நினைத்தால், எட்டாததும் ஒருவகையில் நல்லதுதானோ என்றும் தோன்றுகிறது.

1925க்குப் பிறகு ஒலிவாங்கி வந்தது, கூம்பு விடைபெற்றது. கோவில்பட்டியில் வாழ்ந்த காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகசுவரம், 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தின் வழியாகத் தமிழகத்தின் ஒவ்வோர் ஊரிலும் ஒலித்தது. என் தாத்தாவின் குழாயிலும் ஒலித்தது. அதற்கு மட்டும் பெரிய தாத்தா மரத்தடியில் வந்து நிற்பார்.

ஒரே ஓர் அடி

தாத்தாவின் தகரப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. சென்ற ஆண்டு அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு, பழைய பதிவுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் இளைஞர் ஒருவரிடம் போனேன். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். மழை இரைச்சல் முழுவதும் நின்றுபோயிருந்தது. நாயனம் பக்கத்து அறையில் வாசிப்பது போலத் துலங்கியது. கண்ணை மூடிக்கொண்டு முடிவிற்காகக் காத்திருந்தேன். நாயனம் ஓய்ந்தது. பிறகு ஒன்றுமில்லை.

"கடைசியில் ஓர் அடி இருக்குமே, தம்பி" என்றேன்.

"அது கீறல் சார். கீறலையெல்லாம் கணினியே எடுத்துவிடும்."

துப்புரவு செய்வதற்கு முன்னிருந்த பதிவைப் போட்டுக் காட்டும்படி வேண்டினேன். அவர் சலித்துக்கொள்ளாமல் அந்தக் கடைசி நொடிகளைத் திரையில் விரித்தார். தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. ஆகவே குறுக்கே விழுந்த கீறல் ஒன்று, முக்கால் நொடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் திரும்பத் திரும்ப வர வேண்டும். திரையில் அப்படி வந்த கோடுகள் வேலிக்கால் நட்டதுபோல ஒரே சீராக நின்றன. ஒன்று மட்டும் அந்த வரிசையில் சேரவில்லை. அதற்கு முன்னும் இணை இல்லை, பின்னும் இல்லை. அவர் அதை மேலும் பெரிதாக்கினார். கீறல்கள் எழுந்த வேகத்தில் அறுந்து விழுந்திருந்தன. இதுவோ எழுந்து, தளர்ந்து, சிறு அலைகளாகத் தேய்ந்து அடங்கியிருந்தது.

இளைஞர் மூன்று முறை அதை ஒலிக்கவிட்டார். பிறகு காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது தோல் சார். கையால் அடிச்சது."

துப்புரவு செய்யாத பதிவையே கொடுத்தால் போதும் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, கோப்பிற்கு விவரம் எழுதத் தொடங்கினார். நாகசுவரக் கலைஞரின் பெயரைத் தட்டைப் பார்த்து எழுதினார். அடுத்த வரியில் 'தவில்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பேரு சொல்லுங்க சார்."